ஒரு நாளைக்குப் பத்து கிராம்: வலிப்பு நோயுள்ள குழந்தைக்குக் கீட்டோஜெனிக் உணவைத் தொடங்கும் முன்

சேலம் மாவட்டத்தில் மாவுச்சத்து என்பது சாப்பாடு மட்டுமல்ல, பிழைப்பும்கூட. வயல்களிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லாரி லாரியாக ஆலைகளுக்குப் போகிறது. அங்கே ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் மாறி, 1981-இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாகவும் தனி வியாபாரிகள் வழியாகவும் வடமாநிலங்களுக்குச் செல்கிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் தெருமுனைத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் என்று வளரும் ஊர் இது. இந்த ஊரில் வலிப்பு நோயுள்ள நான்கு வயதுக் குழந்தையின் தாயிடம் ஒரு மருத்துவர், "இனி நாள் முழுவதற்கும் சேர்த்து மாவுச்சத்து பத்து கிராம்தான், மற்றதெல்லாம் நெய்யும் எண்ணெயும்" என்று சொன்னால், அந்தத் தாய்க்கு அது கீட்டோஜெனிக் என்ற கொழுப்பு மிகுந்த உணவுச் சிகிச்சையாகக் காதில் விழாது, தண்டனையாகத்தான் விழும். ஒரு நடுத்தர அளவு இட்லியிலேயே எட்டிலிருந்து பத்து கிராம் வரை மாவுச்சத்து இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் அவருடைய திகைப்பு புரியும்.

"உணவே மருந்து" என்று நாம் எடுத்ததற்கெல்லாம் சொல்லிப் பழகிவிட்டோம். இந்தச் சிகிச்சையைப் பொறுத்தவரை அந்த வாக்கியமே முதல் இடையூறு என்பது என் எண்ணம். அதைக் கேட்டவர்கள், நல்லதாகப் பார்த்துச் சாப்பிட்டால் நோய் தணியும் என்ற பொருளில் கீட்டோஜெனிக் உணவையும் எடுத்துக்கொள்கிறார்கள். சர்க்கரையை நிறுத்திவிட்டுச் சாமையும் தினையும் ராகியும் கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். சிறுதானியம் வேறு பல வகையில் நல்லதாக இருக்கலாம். ஆனால் அதிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். கீட்டோஜெனிக் உணவு ஆரோக்கிய உணவு அன்று. வால்புரோயேட் என்ற வலிப்பு மாத்திரைக்கு மில்லிகிராம் கணக்கு இருப்பதைப் போல இதற்கும் அளவு உண்டு, பக்கவிளைவு உண்டு, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்ற எல்லையும் உண்டு.

வலிப்பு நோய் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு மாத்திரையிலேயே பிட்ஸ் கட்டுப்பட்டுவிடும். சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்காதபோதுதான் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்கிறார்கள். அந்த நிலையில் மூன்றாவது, நான்காவது மருந்து முழுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவரும் வாய்ப்பு குறைவு. மூளையில் அறுவை செய்து நீக்கக்கூடிய கோளாறு இருக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். இல்லையென்றால் உணவுச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். சலாம் போடுவது போலக் குழந்தை சட்டெனக் குனிந்து நிமிரும் சிசுப்பருவ வலிப்பு, நின்ற இடத்திலேயே தொப்பென்று விழச் செய்யும் டூஸ் நோய்த்தொகுப்பு, குழந்தைப் பருவத்தில் தொடங்கும் டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டோ வலிப்பு வகைகள், டியூபரஸ் ஸ்கிளரோசிஸ் என்ற மரபணு நோய் ஆகியவற்றில் இதற்குப் பலன் கூடுதல். இரண்டே நோய்களில் மட்டும் மருந்துகள் தோற்கும்வரை காத்திருக்காமல் இதுவே முதல் சிகிச்சையாகிறது. பைருவேட் டீஹைட்ரஜனேஸ் என்ற நொதியின் குறைபாடு ஒன்று. இரத்தத்திலிருந்து மூளைக்குள் குளுக்கோஸைக் கொண்டுசெல்லும் கடத்தியில் ஏற்படும் குளூட்-1 குறைபாடு மற்றொன்று. காலையில் வெறும் வயிற்றில் இழுப்பு அதிகமாகவும் சாப்பிட்டபின் குறைவாகவும் இருந்தால், முதுகுத் தண்டுவட நீரை எடுத்து அதிலுள்ள சர்க்கரையின் அளவைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பட்டினி கிடந்தால் வலிப்பு நிற்கிறது என்பதை மனிதர்கள் வெகு காலத்துக்கு முன்பே கவனித்திருந்தார்கள். ஆனால் குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? பட்டினியின்போது உடம்பில் நடப்பதைப் பட்டினியில்லாமலே நடக்கச் செய்யலாம் என்று 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்ததுதான் இந்தச் சிகிச்சையின் தொடக்கம். மாவுச்சத்து கிடைக்காதபோது கல்லீரல் கொழுப்பைச் சிதைத்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. குளுக்கோஸுக்குப் பதிலாக மூளை அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. அந்த மாற்றம் நரம்புச் செல்களின் மிகைத் துடிப்பை எப்படி அடக்குகிறது என்பதற்கு ஒரே காரணத்தைச் சொல்லிவிட முடியாது. ஆற்றல் உற்பத்தி, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்கள், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் என்று பல வழிகள் ஆராயப்படுகின்றன. (வடநாட்டில் விரத நாளில் சேலத்து ஜவ்வரிசியைத்தான் கிச்சடி செய்து சாப்பிடுகிறார்கள். கல்லீரலைக் கேட்டால் அது விரதம் என்று ஒப்புக்கொள்ளாது.)

1938-இல் பெனிட்டாயின் மருந்தின் பயன் கண்டறியப்பட்டதும் இந்த உணவு ஓரங்கட்டப்பட்டது. 1990-களில்தான் மீண்டும் கவனத்துக்கு வந்தது. 2008-இல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனைக் குழுவினர் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், மூன்று மாத முடிவில் உணவு எடுத்த குழந்தைகளில் 38 விழுக்காட்டினருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது; எடுக்காதவர்களில் அப்படிக் குறைந்தவர்கள் 6 விழுக்காட்டினர் மட்டுமே. இந்த எண்ணைப் பெற்றோர் இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். நூறு குழந்தைகளில் முப்பத்தெட்டுப் பேருக்குப் பலன் என்றால் அறுபத்திரண்டு பேருக்கு அந்த அளவுக்குப் பலன் இல்லை என்றும் பொருள். அந்த அறுபத்திரண்டு வீடுகளில் தாய்மார் சரியாகச் சமைக்கவில்லை என்று பொருள் அல்ல.

கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதில்தான் எல்லாமே இருக்கிறது. நான்குக்கு ஒன்று என்ற விகிதம் சொல்லப்பட்டால், தட்டில் ஒவ்வொரு நான்கு கிராம் கொழுப்புக்கும் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரே ஒரு கிராம் இருக்க வேண்டும். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மற்ற இரண்டும் கிராமுக்கு 4 கலோரி. ஆகவே இந்த ஐந்து கிராமில் 40 கலோரி, அதில் 36 கொழுப்பிலிருந்து வருகிறது. பதினைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 1,000 கலோரி என்று வைத்துக்கொண்டால் கொழுப்பு 100 கிராம், மற்ற இரண்டும் சேர்ந்து 25 கிராம். வளர்ச்சிக்கு வேண்டிய புரதத்துக்காக 15 கிராமை ஒதுக்கினால் மாவுச்சத்துக்கு மிஞ்சுவது 10. அதையும் மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 33 கிராம் கொழுப்பு, 5 கிராம் புரதம், மூன்றேகால் கிராம் மாவுச்சத்து. ஒரு முழு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருப்பதால், அந்தக் குழந்தைக்கு ஒரு முழு முட்டையே அதிகம். அடித்துக் கலக்கி, எடை போட்டு, மீதியை எடுத்துவைக்க வேண்டியிருக்கும். இது விளக்கத்துக்கான கணக்குதான். ஒவ்வொரு குழந்தைக்கும் வயது, எடை, நோய் ஆகியவற்றைப் பார்த்து, இந்தச் சிகிச்சையில் பழக்கமுள்ள டயட்டீசியன் மட்டுமே அளவைப் போட்டுத் தர வேண்டும். சிசுக்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புரதம் கூடுதலாகத் தேவைப்படுவதால் பெரும்பாலும் மூன்றுக்கு ஒன்று போதும் என்பார்கள்.

இவ்வளவு இறுக்கம் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது என்பதால்தான் தளர்ந்த வடிவங்கள் வந்தன. மாற்றியமைக்கப்பட்ட அட்கின்ஸ் முறையில் மாவுச்சத்தை மட்டும் அளந்து, நாளைக்கு 10 முதல் 20 கிராமுக்குள் நிறுத்திவிட்டு, கொழுப்பைத் தாராளமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். புரதத்துக்குக் கட்டுப்பாடு இல்லை. குறைந்த கிளைசெமிக் குறியீட்டு முறையில் 40 முதல் 60 கிராம் வரை, இரத்தச் சர்க்கரையை மெதுவாக உயர்த்தும் வகை மாவுச்சத்து உண்டு. டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 102 குழந்தைகள் இடம்பெற்றார்கள். அட்கின்ஸ் முறையைப் பின்பற்றியவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், பின்பற்றாதவர்களில் 11.5 விழுக்காட்டினருக்கும் வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. பின்னர் 2020-இல் அதே நிறுவனத்தார் மூன்று முறைகளையும் 170 குழந்தைகளிடம் ஒப்பிட்டபோது, தளர்ந்த முறைகள் நான்குக்கு ஒன்று என்ற மூல முறைக்கு ஈடானவை என்று நிறுவப்படவில்லை என்றாலும், மூன்றிலுமே வலிப்பு கணிசமாகக் குறைந்தது. குறைந்த கிளைசெமிக் முறையில் பக்கவிளைவுகள் மிகக் குறைவாக இருந்தன. அரிசி உண்ணும் நம் வீடுகளுக்கு இந்த ஆய்வு பெரிய ஆறுதல். நடக்காத நான்குக்கு ஒன்றைவிட நடக்கக்கூடிய அட்கின்ஸ் மேல் என்று மருத்துவரிடம் தயங்காமல் பேசலாம். இரண்டு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு மட்டும் பெரும்பாலும் மூல முறையையே பரிந்துரைப்பார்கள்.

தொடங்குமுன் செய்ய வேண்டிய பரிசோதனைகளில் ஒன்றைக்கூடத் தள்ளிவிடக் கூடாது. இரத்த அணுக்கள், உப்புகள், கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு அளவு, வைட்டமின் டி, சிறுநீரில் கால்சியம் ஆகியவற்றைப் பார்ப்பது ஒரு பக்கம்; உடல் கொழுப்பை எரிக்கும் வழியே அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் அசைல்கார்னிட்டின் பரிசோதனை மற்றொரு பக்கம். கார்னிட்டின் குறைபாடு, கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கும் நொதிகளின் குறைபாடு, பைருவேட் கார்பாக்சிலேஸ் குறைபாடு, போர்ஃபைரியா ஆகியவை உள்ள குழந்தைக்கு இந்த உணவைக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. இவற்றில் பெரும்பாலானவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வரும்போது உண்டாகின்றன. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், "அதெல்லாம் அபூர்வமான நோய்" என்று இங்கே சொல்லிவிட முடியாது. யூடியூபில் பார்த்து வீட்டிலேயே தொடங்கும் கீட்டோ இந்தக் குழந்தைகளுக்கு ஏன் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் உறவினர் வீட்டில் இந்த உணவு தொடங்கிய முதல் வாரம் நான் போயிருந்தேன். வெள்ளியை மில்லிகிராம் வரை நிறுத்துப் பழகிய குடும்பம் என்பதால், தராசைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அடுப்படிக்கென்று தனியாக ஒரு சிறிய மின்னணுத் தராசு வாங்கி, எவர்சில்வர் கிண்ணத்தை அதன்மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, துருவிய காரட்டை விரல் நுனியால் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள் அந்தத் தாய். இருபது வேண்டும், இருபத்திரண்டு காட்டியது. இரண்டு துருவல் இழையை எடுத்தாள், இருபத்தொன்று. இன்னும் ஒன்று. பக்கத்தில் நின்ற மாமியார், "ஒரு துருவலுக்கா இந்தப் பாடு?" என்று முணுமுணுத்தார். பிறகு முட்டைப் பொரியலைச் சாப்பிட்டு முடித்த குழந்தையின் தட்டில் ஒட்டியிருந்த நெய்யை ரப்பர் கரண்டியால் வழித்து ஊட்டியதைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது: தட்டில் தங்கிவிடும் நெய்யும் மருந்தில் ஒரு பங்குதான், அது உள்ளே போகாவிட்டால் விகிதம் தவறிவிடுகிறது.

அந்தத் தாய் உணவைத் தொடங்குவதற்கு மூன்று வாரம் முன்பே ஒரு வேலையை முடித்திருந்தாள். வீட்டிலிருந்த ஒவ்வொரு பாட்டிலையும் பொட்டலத்தையும் எடுத்துப் படித்துப் பட்டியல் போட்டிருந்தாள். வலிப்பு மருந்து சிரப்பிலேயே சர்க்கரை இருக்கும். சளி மருந்தில், காய்ச்சல் சிரப்பில், இரும்புச்சத்து டானிக்கில், குழந்தைகளுக்கான பற்பசையில் சர்க்கரையோ சார்பிட்டாலோ இருக்கும். ஷுகர் ஃப்ரீ என்று போட்டிருந்தாலும் சார்பிட்டாலும் கணக்கில் சேரும். ஆகவே மருத்துவரைக் கேட்டு, முடிந்தவற்றை மாத்திரையாக மாற்றிப் பொடித்துக் கொடுக்க வேண்டும். உணவைத் தொடங்கிவிட்டோம் என்று வலிப்பு மருந்தைத் தாமாகவே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. பலன் தெரிந்தபின் மருத்துவர்தான் ஒவ்வொன்றாகக் குறைப்பார். டோபிராமேட், ஜோனிசமைட் ஆகிய வலிப்பு மருந்துகள் இந்த உணவோடு சேரும்போது இரத்தத்தில் அமிலத்தன்மையும் சிறுநீரகக் கல்லும் கூடக்கூடும் என்பதால் அவற்றை எடுக்கும் குழந்தையைக் கூடுதலாகக் கண்காணிப்பார்கள்.

முன்பெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள் பட்டினி போட்டுத்தான் தொடங்குவார்கள். பட்டினி இல்லாமலே விகிதத்தைச் சில நாள்களில் படிப்படியாக ஏற்றித் தொடங்கினாலும் மூன்று மாதத்தில் கிடைக்கும் பலன் ஒன்றுதான் என்று தெரிந்தபின், பல இடங்களில் பட்டினியைக் கைவிட்டுவிட்டார்கள். மூல முறையை, குறிப்பாகச் சிறு குழந்தைக்கு, மருத்துவமனையில் சேர்த்துத் தொடங்குவதே வழக்கம். இரத்தச் சர்க்கரையையும் கீட்டோனையும் சில மணி நேரத்துக்கொரு முறை பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் கீட்டோனைக் காட்டச் சிறுநீரில் நனைக்கும் பட்டை கரு ஊதா நிறத்துக்கு மாற வேண்டும், அதாவது கீட்டோன் டெசிலிட்டருக்கு 80 முதல் 160 மில்லிகிராம் வரை. முதல் வாரத்தில் சோர்வு, வாந்தி, பசியின்மை இருக்கும். குழந்தை துவண்டு வியர்த்தாலோ, வேகமாக மூச்சு வாங்கி மயங்கினாலோ சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கலாம், அல்லது கீட்டோன் அளவு மீறியிருக்கலாம். அப்போது எவ்வளவு பழச்சாறு கொடுப்பது, எப்போது தூக்கிக்கொண்டு ஓடுவது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எழுத்தில் வாங்க வேண்டிய மற்றொன்று, என் பார்வையில் இதைவிட முக்கியமானது. நம் ஊரில் குழந்தை வாந்தி எடுத்தால், சோர்ந்தால், எந்தக் கிளினிக்கிலும் முதலில் நடப்பது குளுக்கோஸ் ஏற்றுவதுதான். ஐந்து விழுக்காட்டு டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். நம் கணக்குக் குழந்தைக்கு அது இரண்டரை நாள் மாவுச்சத்து, ஒரே மாலையில், நேரே இரத்தத்தில். என் உறவினர் வீட்டுக் குழந்தைக்கு ஏழாவது வாரத்தில் இது நடந்தது. இரவு பத்து மணிக்கு வயிற்றுப்போக்கோடு அருகிலிருந்த சிறிய மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். "சார், இவன் ஸ்பெஷல் டயட்டில் இருக்கிறான்" என்று தந்தை சொன்னதைச் செவிலியர் பத்தியம் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை சிறுநீர்ப் பட்டை நிறம் மாறவே இல்லை. அன்று மதியம், பதினொரு நாளாக வராத இழுப்பு மூன்று முறை வந்தது. யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை, ஏனென்றால் அவர்களிடம் காட்ட ஒரு தாள் இருக்கவில்லை. "இக்குழந்தை கீட்டோஜெனிக் சிகிச்சையில் உள்ளது, இரத்தச் சர்க்கரை குறைந்திருந்தாலொழிய டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம், நார்மல் சலைன் தரவும்" என்று மருத்துவர் கையெழுத்திட்ட தாளை லேமினேட் செய்து பையில் வைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை உண்மையிலேயே இறங்கியிருந்தால் குளுக்கோஸ் கொடுத்தே ஆக வேண்டும். கீட்டோனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் இருப்பதால், வயிற்றுப்போக்கின்போது அதை எப்படிக் கொடுப்பது என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்ல வேண்டும்.

ஏற்காடு மலைக் கிராமங்களிலிருந்து வரும் குடும்பங்களுக்குச் சிக்கல் வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்துதான் பரிசோதனை. கொழுப்பு மிகுந்த காலை உணவுக்குப்பின் அந்தச் சாலையில் வந்தால் வாந்தி எடுக்காத குழந்தை அபூர்வம். வேளையைத் தள்ளி, கீழே இறங்கியபின் கொடுப்பதே மேல். ஆனால் மலைக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. காபித் தோட்டங்களுக்கிடையே விளையும் பட்டர் ஃப்ரூட்டில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 15 கிராம் கொழுப்பு. நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து இரண்டு கிராம் அளவுதான். பழம் என்ற பெயரில் இந்தக் குழந்தைக்குத் தாராளமாக அளந்து கொடுக்கக்கூடியது அநேகமாக இது ஒன்றுதான். அதே மலையின் ஆரஞ்சும் பலாவும், கீழே சேலத்து மல்கோவாவும் எட்டாத தூரம். தேங்காயும் தேங்காயெண்ணெயும் கைகொடுக்கும். ஆனால் இந்தச் சிகிச்சையில் சிலருக்குக் கொடுக்கும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பான எம்.சி.டி. எண்ணெயும் தேங்காயெண்ணெயும் ஒன்றே என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். சிகிச்சையில் பயன்படும் எம்.சி.டி.யில் உள்ள, எட்டும் பத்தும் கார்பன் நீளமுள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் தேங்காயெண்ணெயில் சிறு பங்குதான்.

பள்ளியிலும் கோயிலிலும் நேரும் தவறுகள் அன்பினால் நேர்பவை. காலை உணவுத் திட்டத்துப் பொங்கலையோ உப்புமாவையோ ஒரு கரண்டி ஊட்டிவிடும் ஆயாம்மா, ஆடிக் கூழை ஒரு மிடறு கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டி, வெயிலுக்கு இதமாக இளநீர் வெட்டித் தரும் தாத்தா. ஒரு டம்ளர் இளநீரிலேயே நாள் கணக்கில் பாதிக்கு மேல் போய்விடும். "இவனுக்கு இது மருந்து, ஒரு வாய் மாறினாலும் பிட்ஸ் வரும்" என்று ஒவ்வொருவரிடமும் தொடங்குமுன்பே சொல்லிவைப்பது தாயைவிடத் தந்தையின் வேலையாக இருந்தால் நல்லது. மாமியாரிடம் மருமகள் சொல்வதைவிட மகன் சொல்வது எடுபடும்.

பக்கவிளைவுகளில் மலச்சிக்கல் பலருக்கும் வரும். சிறுநீரகக் கல் சிலருக்கு வரும். சேலத்துச் சித்திரை வெயிலில் தண்ணீர் போதாமல் போனால் அதற்கான வாய்ப்பு கூடும் என்பதால் நாள் முழுதும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பொட்டாசியம் சிட்ரேட்டும் உதவும். இரத்தக் கொழுப்பு உயரலாம், உயரம் கூடுவது மந்தப்படலாம், எலும்பு வலுவிழக்கலாம். சர்க்கரையில்லாத வைட்டமின், கால்சியம் மாத்திரைகள் கட்டாயம். அவை இல்லாமல் இந்த உணவு முழுமையே அன்று.

மூன்று மாதம் முடிந்ததும் முடிவெடுக்க வேண்டும், அதற்கு எண் வேண்டும். என் உறவினர் வீட்டில் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து எறியாமல், பின்புறத்தில் அன்றைய இழுப்புகளைக் கோடு போட்டு, ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தார்கள். தொடங்குமுன் நான்கு வாரத் தாள்களில் 112 கோடுகள். பன்னிரண்டாவது வாரத்தோடு முடிந்த நான்கு வாரத்தில், குளுக்கோஸ் ஏற்றிய கூத்துக்குப் பிறகும், 41. முழுதாக நிற்கவில்லை. ஆனாலும் தொடர்வது என்று முடிவாயிற்று. மூன்று மருந்துகளில் ஒன்றைக் குறைக்கத் தொடங்கினார்கள். பலன் நிலைத்தால் வழக்கமாக இரண்டு ஆண்டுகள், பிறகு சில மாதங்களில் நான்குக்கு ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று இறக்குவார்கள். குளூட்-1 குழந்தைகளுக்கு மட்டும் வளரிளம் பருவம் வரையிலும் நீளலாம். நான் கிளம்பும்போது மாமியார் தராசின் முன் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, மறுநாளைக்கான தேங்காயை நிறுத்துக்கொண்டிருந்தார்.